ஸ்டார்ட் ஆகாத மரம் அறுக்குற மிஷினும் அதோட 200 வருசக் கதையும்

சென்னையில இருக்குறவங்களுக்கு இந்தச் சத்தம் நல்லாவே தெரிஞ்சிருக்கும். 2016 டிசம்பர் 12-ல வர்தா புயல் அடிச்சு ஓய்ஞ்ச மறுநாள்லேர்ந்து தெருத்தெருவா கேட்டதே, அந்த 'கர்ர்ர்' சத்தம்தான். எங்க தென்காசிப் பக்கம் அது ஆனி, ஆடி மாசத்துச் சத்தம். குற்றாலத்துல சாரல் விழுந்தா உங்களுக்கு அருவிக் குளியல். எங்களுக்கு அதோட சேர்ந்து செங்கோட்டைக் கணவாய் வழியா மேலக்காத்தும் வரும். தோப்புப் பாதையில ஒரு மரம் குறுக்க விழுந்துட்டா தேங்காய் லோடு வெளியே போகாது, மாட்டுக்குப் புல்லு உள்ளே வராது.

இந்த ஆடியிலயும் ஒரு புளியங்கிளை விழுந்துச்சு. மிஷினை எடுத்துக் கயித்தை இழுத்தா, இருபது தடவை இழுத்தும் ஒரு முக்கல்கூட இல்லை. அதைச் சரிபண்ணுனப்போ ஒண்ணு புரிஞ்சது. இந்த மிஷினுக்குள்ள இருக்குற ஒவ்வொரு சாமானும் ஒவ்வொரு காலத்துல யாரோ ஒருத்தர் பட்ட கஷ்டத்துக்குக் கண்டுபிடிச்ச பதில். அந்தக் கதை தெரிஞ்சா ரிப்பேரும் பாதி தெரிஞ்ச மாதிரி.

முதல்ல இது வர்றதுக்கு முந்தின காலம். எங்க தாத்தா காலத்துல மரம் அறுக்க ரெண்டு பேர் சேர்ந்து வருவாங்க. தடியை உசரமா ஏத்தி வச்சு, கரித்தண்ணியில நனைச்ச நூலால கோடு போட்டு, ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழ நின்னு ஆளுயர ரம்பத்தை இழுப்பாங்க. கீழ நிக்கிறவர் கண்ணுல, வாயில எல்லாம் மரத்தூள்தான். அந்த ரம்பத்துக்கு வர்ற சீக்கு ரெண்டே ரெண்டு: பல்லு மழுங்கும், இல்ல பல்லோட சாய்வு கெடும். ரெண்டுக்கும் வைத்தியம் அவங்க மடியிலேயே இருக்குற அரம்தான்.

பல்லு வச்ச சங்கிலி முதன்முதலா அறுத்தது மரத்தை இல்லை, எலும்பை. நம்புறது கஷ்டம், ஆனா நிசம். 1780-கள்ல ஸ்காட்லாந்துல ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரேன்னு ரெண்டு டாக்டர்கள் எலும்பு அறுக்கச் சின்னச் சங்கிலி ரம்பத்தைப் பயன்படுத்துனாங்க. 1830-ல ஜெர்மனியில பெர்ன்ஹார்ட் ஹைனே ஒரு கருவி செஞ்சார். ஒரு தகட்டைச் சுத்திச் சங்கிலி ஓடும், கைப்பிடியைச் சுத்தினா எலும்பு அறுபடும். மயக்க மருந்து இல்லாத காலம் அது. எவ்வளவு சீக்கிரம் அறுக்கிறோமோ அவ்வளவுக்கு நோயாளிக்கு வலி கம்மி. நம்ம மிஷின்ல முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்குற தகடும் சங்கிலியும் இதே ஏற்பாடுதான்.

அதுக்கு எஞ்சின் வந்து சேர கிட்டத்தட்ட நூறு வருசம் ஆச்சு. 1926-ல ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் கரண்ட்ல ஓடுற சங்கிலி ரம்பம் செஞ்சார். 1927-ல எமில் லெர்ப் பெட்ரோல்ல ஓடுறதைச் செஞ்சு, டோல்மார்ங்கிற மலையில வச்சு ஓட்டிப் பார்த்தார். அந்த மலைப் பேரே அவர் கம்பெனிக்குப் பேராயிடுச்சு. மிஷினோட கனம் 50 கிலோவுக்கு மேல. அதனால இதையும் ரெண்டு பேர்தான் தூக்கணும், நம்ம பழைய ரம்பம் மாதிரியே.

கனத்தைக் குறைச்சதுல பெரிய பங்கு டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு. இங்கிலாந்துல பாத் நகரத்துல ஜோசப் டே 1891-ல அதுக்குக் காப்புரிமை வாங்குனார். எஞ்சினோட அடிவயிறே பெட்ரோலையும் காத்தையும் உறிஞ்சி மேல தள்ளுற பம்பா வேலை செய்யும். வால்வு, தனி ஆயில் தொட்டி எதுவும் வேண்டாம். ஆனா அடிவயித்துல ஆயில் தேங்கி நிக்க இடமில்லாததால, பெட்ரோலோடயே ஆயிலைக் கலந்து விடணும். லிட்டருக்கு 20 மில்லியா 40 மில்லியாங்கிறது மிஷினையும் ஆயிலையும் பொறுத்தது. ஆயில் கலக்காத பெட்ரோல் ஊத்துனா கொஞ்ச நேரத்துல பிஸ்டன் சீஸ் ஆகிடும்.

அடுத்த சிக்கல், மிஷினைச் சாய்க்கிறது. பழைய கார்பரேட்டர்ல பெட்ரோல் ஒரு கிண்ணத்துல நிக்கும், அதுல ஒரு மிதவை கிடக்கும். அடிமரத்தை அறுக்க மிஷினைப் படுக்கப் போட்டா எஞ்சின் நின்னுடும். ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் கிண்ணத்தை எடுத்துட்டு, மெல்லிசான சவ்வு வச்ச கார்பரேட்டரைக் கொண்டுவந்தாங்க. எஞ்சின் அடிவயித்துல உண்டாகுற துடிப்பு ஒரு பொடித் துவாரம் வழியா வந்து அந்தச் சவ்வை ஆட்டும், அது பெட்ரோலை இழுக்கும். தலைகீழாப் பிடிச்சாலும் ஓடும். 1959-ல ஸ்டீல் கம்பெனியோட 'காண்ட்ரா' மிஷின் 12 கிலோவுல வந்தப்போ, ஒத்தை ஆள் காட்டுக்குள்ள தூக்கிட்டுப் போறது சாதாரணமாயிடுச்சு.

சங்கிலிப் பல்லுக்கு வாத்தியார் ஒரு புழு. அமெரிக்காவுல ஜோசப் காக்ஸ்ங்கிற மரம் வெட்டுற தொழிலாளி 1946-ல ஒரு மரக்கட்டைக்குள்ள வண்டுப் புழு இருக்குறதைப் பார்த்தார். அது நார் வாட்டம் பார்க்காம, இடதும் வலதுமா மாறி மாறிக் கடிச்சு முன்னேறுது. அதே மாதிரி வளைஞ்ச பல்லு வச்சு 1947-ல சங்கிலி வித்தார். இன்னிக்கும் அந்த வடிவந்தான். மாமரத்துல தண்டுத் துளைப்பான் புழுவைத் திட்டுற நாங்க, அதோட சொந்தக்காரன் சொல்லிக் கொடுத்த பல்லாலதான் பட்ட மரத்தை அறுக்கிறோம்!

சரி, ரிப்பேருக்கு வருவோம். தென்காசியில ஒரு மெக்கானிக் அண்ணாச்சி இருக்கார். மிஷினை நீட்டுனதும் ஸ்பேனரை எடுக்கலை. கயித்துப் பிடியைப் பிடிச்சு மிஷினை அப்படியே தொங்கவிட்டார். அது விக்கி விக்கி மெல்ல இறங்குச்சு. "அமுக்கம் இருக்கு, பிஸ்டன் தேறும். பொத்துன்னு இறங்கியிருந்தா செலவு பெருசு"ன்னார்.

அப்புறம் ப்ளக்கைக் கழட்டச் சொன்னார்.

"புது ப்ளக் போட்டுரலாமா அண்ணாச்சி?"

"இருங்க தம்பி. ஈரமா, காஞ்சிருக்கான்னு பாருங்க மொதல்ல."

எல்லாம் அந்த ஒரு கேள்வியிலதான் இருக்கு. ப்ளக் ஈரமா இருந்தா பெட்ரோல் வருது, நெருப்புதான் இல்லை. இல்லாட்டி சோக்கைப் போட்டு இழுத்து இழுத்துப் பெட்ரோல் ரொம்பிருச்சு. ப்ளக்கைத் துடைச்சு, சோக்கை எடுத்துட்டு, ப்ளக் இல்லாமலே பத்துத் தடவை இழுத்து உள்ளே காயவிடணும். காஞ்சிருந்தா நெருப்புப் பக்கமே போக வேண்டாம். டேங்க்குக்குள்ள கிடக்குற ஃபில்டர், பெட்ரோல் டியூப், கார்பரேட்டர் சவ்வுன்னு வரிசையாப் பார்க்கணும்.

எங்களுது காஞ்சிருந்துச்சு. ஃபில்டர் சுத்தம், டியூபும் நல்லா இருந்துச்சு. கார்பரேட்டரைப் பிரிச்சா, துணி மாதிரி துவளவேண்டிய சவ்வு காஞ்ச வாழைச்சருகு மாதிரி விறைச்சுக் கிடந்தது. துடிப்பு வந்தாலும் அது அசையாது, அசையாம பெட்ரோல் ஏறாது. சில நூறு ரூபாய் சாமான். மாத்திட்டு இழுத்ததும் நாலாவது இழுப்புல பிடிச்சுக்கிட்டது.

"இப்போ இந்த கேஸ்தான் நிறைய வருது"ன்னார் அண்ணாச்சி. காரணம் இல்லாம இல்லை. பங்க்ல இப்போ விக்கிற பெட்ரோல்ல 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கு. எத்தனால் காத்துல இருக்குற ஈரத்தை இழுக்கும். ஈரம் கூடிப்போனா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து டேங்க் அடியில தங்கிடும், உறிஞ்சுற ஃபில்டர் கிடக்குறதும் அதே அடியிலதான். பழைய மிஷின்களோட ரப்பர் இதை மனசுல வச்சுச் செஞ்சதும் இல்லை. துணிகூடக் காயாத எங்க சாரல் மாசத்துல என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. வேலை முடிஞ்சா மிச்ச பெட்ரோலை வடிச்சுட்டு, எஞ்சின் தானா நிக்கிற வரை ஓட்டிட்டு எடுத்து வைக்கிறதுதான் பாதுகாப்பு.

கணக்குப் பார்த்தா, ரெண்டு ஆள் ஒரு நாள் முழுக்க அறுத்ததை இந்த மிஷின் ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சிடுது. ஆனா தாத்தா காலத்து ரம்பம் மழுங்கினா தோப்புலேயே சரியாகும். இதுல ரெண்டு விரல் அகலச் சவ்வு போனா, எங்கேயோ ஒரு ஃபாக்டரியிலேர்ந்து வர்ற வரைக்கும் பாதை அடைச்சுத்தான் கிடக்கும். அந்த ரெண்டு பேர் ரம்பத்துக்குப் பல்லைச் சாய்க்கத் தெரிஞ்சவங்க எங்க ஊர்ல இப்போ ஒருத்தர் மிச்சம், அவருக்கும் வயசு எண்பதுக்கு மேல. புளியங்கிளையை அறுத்து முடிச்ச பிறகு மிஷின் சங்கிலிக்கு உருண்டை அரம் போட அவர்கிட்டதான் கொண்டுபோனேன். இந்த மிஷினை அவர் ஒரு நாளும் ஓட்டுனதில்லை. பல்லைத் தடவிப் பார்த்துட்டு, எந்தப் பக்கம் எத்தனை இழுப்புன்னு கேக்காமலே போட்டுக் கொடுத்தார்.