மாத்திரைக் கணக்குக்குக் கீழே

வலிப்பு வரும் நாய்க்கு பினோபார்பிட்டால் எழுதித் தரும் மருத்துவரின் சீட்டில், மாத்திரைக் கணக்குக்குக் கீழே இப்படிச் சில வரிகள் இருக்கும்.

“இரண்டு வாரம் கழித்து ரத்தத்தில் மருந்தளவு பார்க்கவும்.”

மருந்து ரத்தத்தில் ஒரு நிலைக்கு வர ஏறக்குறைய அத்தனை நாள் ஆகும். மில்லிலிட்டருக்கு 15 முதல் 35 மைக்ரோகிராம் இருந்தால் சரி. அதைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து.

“முதல் 6 மாதம் ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கவும்.”

சிக்கல் இங்கேதான். மருந்தளவுதான் சரியாக இருக்கிறதே, இது எதற்கு வீண் செலவு என்று கேட்பார்கள். அபூர்வமாகச் சில நாய்களுக்கு இந்த மருந்தால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு, பிளேட்லெட், சிவப்பணு ஆகியவற்றில் ஒன்றோ மூன்றுமோ சரிகின்றன. மாத்திரை கூடிப்போனதால் வரும் வினையல்ல இது. அந்த நாயின் உடம்பு மருந்தை ஏற்காததால் வருவது. மருந்தளவு அறிக்கை இதைக் காட்டிக்கொடுக்காது.

அதற்காக, எண்ணிக்கை குறைந்ததும் மருந்தின்மேல் பழி போடுவதும் அவசரம். நம்மூரில் பிளேட்லெட் குறைந்த நாய் என்றாலே முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல்மேல்தான். சில நேரம் நோயே இருக்காது. எடுத்த ரத்தம் குழாய்க்குள் திரிந்திருக்கும், எந்திரம் குறைத்து எண்ணியிருக்கும். ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பிளேட்லெட்டுகள் திட்டுத்திட்டாக ஒட்டிக் கிடப்பது தெரிந்துவிடும். ஸ்லைடைப் பார்க்காமல் மருந்தை மாற்றச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

“ஈறு வெளுத்தாலோ, சிவப்புப் புள்ளி தெரிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே கொண்டுவரவும்.”

வெளுப்பு சிவப்பணு குறைந்ததற்கு. காய்ச்சல், நியூட்ரோஃபில் குறைந்து கிருமி புகுந்ததற்கு. புள்ளி பிளேட்லெட் விவகாரம். ஈறிலும் முடியில்லாத அடிவயிற்றிலும் குண்டூசித் தலையளவுக்கு இருக்கும். விரலால் அழுத்தியும் மறையாவிட்டால் அது தோலுக்கடியில் கசிந்த ரத்தம். பசி, தாகம், தள்ளாட்டம் எல்லாம் தொடக்கத்தில் சகஜம், பதற வேண்டாம்.

“மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.”

சட்டென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரலாம். ஆனால் அணுக்கள் சரிந்தது மருந்தால்தான் என்று உறுதியானால் நிறுத்தியே ஆகவேண்டும். பொட்டாசியம் புரோமைடையோ லெவெடிராசெட்டத்தையோ துணைக்குக் கொடுத்து மருத்துவர் அதைச் செய்வார். பிரிமிடோன் உதவாது, நாயின் கல்லீரல் அதில் பெரும்பகுதியைப் பினோபார்பிட்டாலாகவே மாற்றிவிடும். மருந்து நின்றபின் பெரும்பாலான நாய்களுக்கு அணுக்கள் பழைய எண்ணிக்கைக்கு ஏறிவிடும். அந்த நாய்க்கு மறுபடி இதே மருந்தைத் தொடங்குவதில்லை.