பழைய கம்ப்யூட்டரோடு புதியது ஏன் பேசுவதில்லை?



வீட்டில் ஒரே வைஃபையில் இருந்தும் பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல்கள் புதிய லேப்டாப்பில் திறக்கவில்லையா? அது பழுதல்ல. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

கம்ப்யூட்டர்கள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளப் பேசும் மொழி 'எஸ்எம்பி'. 1980களில் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கியது. எக்ஸ்பிக்கு அதன் முதல் பதிப்பு மட்டுமே தெரியும். விஸ்டாவோடு இரண்டாம் பதிப்பு வந்தபோதும், பழையவற்றுக்காக முதலாவதையும் விட்டுவைத்தார்கள்.

2017 மே மாதம் 'வான்னாக்ரை' வைரஸ் அந்தப் பழைய வாசல் வழியாகத்தான் பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள்கூட ரத்தாயின. அந்த ஆண்டு இறுதியிலிருந்து, விண்டோஸ் 10இல் மைக்ரோசாஃப்ட் அந்த வாசலை மூடத் தொடங்கியது.

பழைய குடும்பப் படங்கள் வேண்டுமா? பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ சொன்னார்கள் என்று மூடிய வாசலைத் திறந்துவிடாதீர்கள்.