தலைவிதியா, சட்டவிதியா?

“நீ எந்த நாட்டவன்?” என்று ஒருவனைப் பார்த்துக் கேட்டால், மறுமொழி கூற அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடி! பிறந்த மண்ணின் பெயரைச் சொல்லுவான், பேச்சு முடிந்துவிடும். ஆனால், தோழர்களே, இலங்கையின் மலைச்சரிவிலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளியிடம் இதே கேள்வியைச் சட்டம் கேட்டது. அவன் சொன்ன மறுமொழியைச் சட்டம் முழுமையாக ஏற்றுக்கொள்ள ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1948-இல் எழுந்த கேள்வி 2003-இல்தான் ஓய்ந்தது. இடையிலே பாட்டன் மாண்டான், தந்தை மாண்டான், பேரனின் தலை நரைத்தது. மனு மட்டும் சாகவில்லை. அது அலுவலகத்துப் பேழையிலே பத்திரமாக இருந்தது!

வாள் வீசி ஓர் இனத்தை வீழ்த்திய வரலாறுகள் நமக்குத் தெரியும். வரிசையிலே நிறுத்தி, ‘பொறு, பொறு’ என்று சொல்லியே ஓர் இனத்தை வீழ்த்திய வரலாறு இது. ஆகவே சற்று நின்று படியுங்கள்.

காட்டை வென்றவர் கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, கண்டிச் சீமையின் காடுகளை அழித்துக் காப்பி பயிரிட வெள்ளைத் துரைமார்களுக்கு ஆள் தேவைப்பட்டது. தமிழகத்துச் சிற்றூர்களிலே பஞ்சம் இருந்தது, கடன் இருந்தது, ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்த சாதிக் கொடுமை இருந்தது. கங்காணி அழைத்தான்; ஏழை நடந்தான். கடலைத் தோணியிலே கடந்து, மன்னாரிலிருந்து மலைவரை காட்டு வழியே கால்நடையாக! வழியிலே காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் இரையானோர் எத்தனையோ பேர்.

1869-இல் காப்பிச் செடியை இலைநோய் பற்றியது, தோட்டங்கள் பாழாயின. அதற்கு ஈராண்டு முன்னரே, 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டிருந்தார். காப்பி போய்த் தேயிலை வந்தது. பயிர் மாறிற்று, முதலாளி மாறினான், முதுகிலே கூடை சுமந்தவன் மாறவில்லை. இலங்கையின் ஏற்றுமதி வருவாயில் பெரும்பகுதி அந்தக் கூடையிலிருந்து கொட்டியது. லயத்துக் காம்பராவிலே பிறந்து, லயத்துக் காம்பராவிலேயே இறந்து, தேயிலைக்கு உரமானவர்கள் அவர்கள்.

1931-இல், வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை தந்தது இலங்கை. ஆசியாவுக்கே வழிகாட்டி என்று உலகம் மெச்சிற்று. அந்த மெச்சுதலின் ஓரத்திலே ஒரு நிபந்தனை இருந்ததைக் கண்டோர் சிலரே: இந்தியாவிலிருந்து வந்த வழியினர், தாம் அங்கே நிலையாகக் குடியமர்ந்தவர் என்று மெய்ப்பித்துக் காட்ட வேண்டும்! அன்றே முளைத்தது ஐயம். அந்த ஐயம்தான் பின்னாளில் ஆலமரமாயிற்று.

ஏழு பேர் போதும் அஞ்சுவதற்கு!

1947-ஆம் ஆண்டுத் தேர்தல். இலங்கை இந்தியர் காங்கிரசு ஏழு இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளியின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணை நின்றது. கூலி என்று ஏசப்பட்டவன், கொற்றவையிலே உறுப்பினனை அமர்த்தத் தொடங்கிவிட்டான்! பொறுக்குமா ஆள வந்தோருக்கு?

1948 பிப்ரவரி 4-இல் இலங்கை விடுதலை பெற்றது. டி. எஸ். சேனநாயக்கா தலைமையமைச்சர். அந்த ஆண்டு முடிவதற்குள், நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது குடியுரிமைச் சட்டம். இலங்கையிலே பிறந்தாய், சரி; அது மட்டும் போதாது! உன் தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும்; இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும்; அதற்குச் சான்றும் வேண்டும் என்றது சட்டம்.

பூட்டனின் பிறப்புக்குச் சான்று! பிறப்பை எழுதி வைக்கும் வழக்கமே ஒழுங்காக வேரூன்றாத காலத்தில், தோட்டத்து மரத்தடியில் பிறந்தவனுக்கு யார் எழுதி வைத்தார்கள் பத்திரம்? மாளிகைவாசிகளிடமே இந்த ஏட்டைக் கேட்டிருந்தால் எத்தனை பேர் நீட்டியிருப்பர்? ஆனால் அவர்களை எவரும் கேட்கவில்லை. தன் பிறப்பை மெய்ப்பிக்கும் கடமை ஏழைக்கு மட்டுமே வந்து சேர்ந்தது.

வினாக்களின் வேலி

‘வழி அடைத்துவிட்டார்களே’ என்ற குரல் எழுந்ததும், 1949-இல் மற்றொரு சட்டம் செய்தனர். இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் என்பது அதன் பெயர். இதோ கதவு திறந்திருக்கிறது, மனுச் செய்யுங்கள் என்றனர். கதவு உண்மைதான். அதன்முன் நட்டிருந்த வேலியைப் பாருங்கள்.

மணமானவர் 1946 சனவரி முதல் நாளுக்கு முன் ஏழாண்டு இடைவிடாது இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும், மணமாகாதவர் பத்தாண்டு. ஒரே பயணத்தில் பன்னிரு திங்களுக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். மனைவியும் மக்களும் இங்கேயே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். உறுதியான வருவாய் இருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் சான்று வேண்டும். மனுச் செய்யக் கெடு ஈராண்டு: 1951 ஆகஸ்ட் 5-ஆம் நாளோடு முடிவு!

முதலில் காங்கிரசு இச்சட்டத்தைப் புறக்கணித்தது. பின்னர் மனம் மாறி, மனு எழுதச் சொல்லிற்று. கடைசித் திங்கள்களிலே மலையெங்கும் மனுமயம்! எழுதத் தெரிந்த கணக்கப்பிள்ளையும் ஆசிரியரும் இரவெல்லாம் விளக்கடியில் எழுதினர். எழுதத் தெரியாதவன் பெருவிரலை மையில் தோய்த்தான். ஏறத்தாழ 2,37,000 மனுக்கள். அவற்றிலே அடங்கியோர் ஏறத்தாழ 8,25,000 பேர்.

பிறகு தொடங்கியது ஆய்வு. ‘இடைவிடாது வாழ்ந்தேன்’ என்கிறாயே, எங்கே ஏடு? தொழிலாளி தோட்டத்துச் செக்றோலைக் காட்ட வேண்டும். அந்த ஏடு அவன் கையிலா இருக்கிறது? துரையின் அலுவலகத்தில் இருக்கிறது! ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் சென்றவன் இரண்டு துரைகளின் ஏட்டைத் தேட வேண்டும். ஊரிலிருக்கும் கிழத்தாய்க்குப் பணம் அனுப்பினாயா? அப்படியானால் உன் மனம் இங்கில்லை! தம்பி திருமணத்துக்கு ஊர் சென்றாயா? எத்தனை திங்கள் தங்கினாய்? பாசத்தையே குற்றச் சான்றாகப் பதிந்த விந்தையைப் பார்த்தீர்களா!

ஆணையாளருக்கு மனு நிறைவளிக்கவில்லை என்றால் அறிவிப்பு வரும்: ‘ஏன் தள்ளக்கூடாது என்று மூன்று திங்களுக்குள் காரணம் காட்டு!’ ஏழைக்கு மூன்று திங்கள் கெடு. மனுவைத் தீர்க்க அலுவலகத்துக்கு எத்தனை திங்கள் கெடு? அதைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. மனுதாரன் காலந்தவறினால் உரிமை போகும். அதிகாரி காலந்தவறினாலும் போவது மனுதாரனின் உரிமையே! மேல்முறையீட்டுக்கு உச்சநீதிமன்றம் இருந்தது. நாட்கூலிக்காரனுக்குக் கொழும்பு எவ்வளவு தொலைவு என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

காத்திருப்பின் விலை

‘ஆய்வு என்றால் காலம் ஆகத்தானே செய்யும்? பொறுத்திருந்தால் என்ன?’ என்று கேட்கும் நல்லவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. 1949-இலேயே தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடிமகனாக இல்லாதவனுக்கு வாக்கு இல்லை என்று ஆக்கிவிட்டனர். ஆகவே காத்திருந்த ஒவ்வொரு நாளும் தொழிலாளி வாக்கற்றவன். 1947-இல் ஏழு பேரை அனுப்பிய காங்கிரசு, 1952-இல் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. காலந்தாழ்த்துவோரைத் தண்டிக்கும் கருவி வாக்கு; காலந்தாழ்த்தப்பட்டோரிடமிருந்து முதலில் பறிக்கப்பட்டதும் அதுவே!

அறப்போர் நடந்தது 1952-இல். வழக்கும் நடந்தது. வாக்காளர் பட்டியலிலே பெயர் கோரிய கோடகன் பிள்ளையின் வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. ‘ஓர் இனத்துக்கு மட்டும் ஊறு செய்யும் சட்டம் செல்லாது என்று அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு கூறுகிறதே!’ என்று வாதிட்டனர். 1953-இல் தீர்ப்பு வந்தது: இவை குடியுரிமையைப் பற்றிய சட்டங்களே, செல்லும் என்று! சட்டத்தின் சொற்களிலே எந்த இனத்தின் பெயரையும் சொல்லி இழிவு செய்யவில்லை. ஆயினும் அதன் அடி யார் முதுகில் விழுந்தது என்பதை மலை அறியும். மன்றம் மட்டும் அறியவில்லை.

நாடாளுமன்றத்திலே அன்று எதிர்த்து நின்றவர்களையும் மறத்தல் தகாது. தமிழ்க் காங்கிரசின் தலைவர் பொன்னம்பலம் அமைச்சரவையிலே சேர்ந்தார். செல்வநாயகம் அவரை விட்டுப் பிரிந்து, 1949 திசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று மலையகத் தமிழனுக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரும் என்பது அவர் எச்சரிக்கை.

1954-இல் நேருவும் கொத்தலாவலையும் கூடிப் பேசி, தேங்கிய மனுக்களை ஈராண்டில் முடிக்க முயல்வதென உடன்பட்டனர். ஈராண்டு பத்தாண்டாயிற்று. எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது, குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். ஆறு பேர் கதவைத் தட்டினர்; ஒருவர் உள்ளே சென்றார்!

ஆள் பங்கீடு

மீதிப் பேர்? 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாத்திரியும் கையொப்பமிட்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பின்னர் பேசிக்கொள்ள என்று பிரித்தனர். அந்த மீதியையும் 1974-இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். பங்கிடப்பட்டவர்களை யாராவது கேட்டார்களா? ஆடுமாடு பிரிக்கும் அண்ணன் தம்பிகூட, கன்று எந்தப் பசுவினது என்று பார்ப்பானே! இங்கு தாய்க்கு ஒரு நாடு, மகளுக்கு ஒரு நாடு என்று குடும்பங்கள் பிளந்தன.

1967-இல் நிறைவேற்றுச் சட்டம் வந்தது. எழுவர் இந்தியாவுக்கு என்றால், நால்வருக்கு இலங்கைக் குடியுரிமை என்பது கணக்கு. ஒருவன் தகுதி பெறுவது அவன் வாழ்க்கையால் அன்று, மற்றொருவன் வெளியேறுவதால்! தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள், நீலகிரியிலும் பிற இடங்களிலும் குடியமர்த்தப்பட்டனர். 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்கு வாழ்வளிக்கவே எழுந்தன. அங்கே ‘இந்தியாக்காரன்’ என்று ஏசினர். இங்கே நம்மவர்களே ‘சிலோன்காரன்’ என்று ஒதுக்கினர். இலங்கை அரசைச் சாடும் உரிமை நமக்குண்டு. அந்த இரண்டாம் ஏச்சுக்கு நாணும் கடமையும் நமக்குண்டு.

1984-இல், போர்ச் சூழலிலே கப்பலும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மலையிலேயே தங்கிவிட்டோர் பல்லாயிரவர். 1988-இல் ஒரு சட்டம். 2003-இல் ஒரு சட்டம். பின்னதன்படி, 1964 அக்டோபர் 30 முதல் அங்கேயே வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழியினரும் குடிமக்களாயினர். அரை நூற்றாண்டு ஆராய்ந்தும் தீராத ‘சிக்கல்’, மனம் வந்ததும் ஓர் ஏட்டிலே தீர்ந்தது!

எந்த விதி?

தேயிலைக் காட்டு மூதாட்டி ஒருத்தி, ‘எல்லாம் எங்கள் தலைவிதி’ என்று நெற்றியைத் தொட்டுக் காட்டியிருப்பாள். தோழர்களே, அந்த நெற்றியிலே எவனும் எதையும் எழுதவில்லை. எழுதப்பட்டது 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் சட்டத்திலே. 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் சட்டத்திலே! தலைவிதி அன்று, சட்டவிதி! மனிதன் எழுதிய விதி. ஆகவேதான் மனிதனால் மாற்றவும் முடிந்தது.

குடியுரிமைக்கு ஆய்வே கூடாது என்று நாம் கூறவில்லை. எந்த நாடும் தன் குடிமகன் யார் என்று கேட்கலாம். ஆனால் கேட்கும் முறையைப் பகுத்தறிவோடு உரசிப் பார்க்க மூன்று கேள்விகள் போதும். கேட்கப்படும் சான்று யார் கையில் இருக்கிறது? மனுதாரனுக்குக் கெடு உண்டெனில் அதிகாரிக்கும் கெடு உண்டா? காத்திருக்கும் நாளில் அவனுக்குள்ள உரிமைகள் யாவை? இம்மூன்றுக்கும் நேரிய விடை இல்லையேல், அதற்கு ஆய்வு என்ற பெயர் பொருந்தாது; ஒதுக்கீட்டுக்கு அணிவித்த ஒப்பனை அது.

இந்த வரலாறு மலையோடு முடிந்துவிடவுமில்லை. 1983-க்குப் பின் ஏதிலியராய்த் தமிழகம் வந்து, முகாம்களிலே பிள்ளை பெற்று வளர்த்தோருள் மலையகத்தாரும் உண்டு. ஆகவே, இளைஞனே, உன் தெருவிலே ஒரு முதியவர் மனுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தால், ‘பிறகு பார்க்கலாம்’ என்று நகராதே. அருகே அமர்ந்து படித்துக் காட்டு. விடைகளை எழுதிக் கொடு. படி ஒன்றை எடுத்து அவரிடமே வைத்திருக்கச் சொல். மேடையில் முழங்கும் ஒரு மணி நேரத்தைவிட அந்த அரைமணி நேரம், ஒரு குடும்பத்தின் அரை நூற்றாண்டைக் காக்கக்கூடும்!