ஒரே மேசையிலிருந்து இரண்டு காகிதங்கள்

ஏர்ல் வாரன் என்றதும் நினைவுக்கு வருவது 1954. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி என்ற ஏற்பாடு செல்லாது என்று தீர்ப்பு எழுதிய அமெரிக்கத் தலைமை நீதிபதி. நான் தேடிப்போனது அதற்கு முந்தைய வாரனை. 1939 முதல் 1943 வரை கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவரை. நம் மாநிலங்களில் அட்வகேட் ஜெனரலை ஆளுநர் நியமிக்கிறார். கலிபோர்னியாவில் அந்தப் பதவிக்குத் தேர்தலில் ஜெயித்து வரவேண்டும்.

முதல் தடயம் டோலன் குழு என்ற நாடாளுமன்றக் குழுவின் அச்சிட்ட விசாரணைப் பதிவில் இருந்தது. ஜப்பானிய வம்சாவளியினரை மேற்குக் கடற்கரையிலிருந்து வெளியேற்ற வழிசெய்யும் ஆணையில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டது 1942 பிப்ரவரி 19. வாரன் சான் பிரான்சிஸ்கோவில் சாட்சி சொன்னது 21. கையோடு வரைபடங்களையும் கொண்டுபோயிருக்கிறார்: விமான நிலையம், மின்கம்பித் தடம், ரயில்பாதை ஆகியவற்றை ஒட்டி ஜப்பானியர் கையிலிருந்த நிலங்கள். இதுவரை நாசவேலை ஏதும் நடக்காததே சந்தேகத்துக்கு இடம் தருகிறது என்பது அவர் வாதம்.

வரைபடங்களைத் தயாரித்தது யார்? பிப்ரவரி தொடக்கத்தில் மாவட்ட அரசு வழக்கறிஞர்களையும் ஷெரிஃப்களையும் வாரன் கூட்டியிருக்கிறார். ஜப்பானியக் குடியேறிகள் நிலம் வாங்கத் தடைவிதித்த 1913ஆம் ஆண்டுச் சட்டம் மீறப்படுகிறதா என்று பார்க்கும் சாக்கில் மாவட்டவாரியாக நில விவரம் திரட்டப்பட்டது. அந்த வழக்கறிஞர்களும் ஷெரிஃப்களும் வாரன் சொல்லைக் கேட்க வேண்டியவர்கள். 1934இல் வந்த அரசியலமைப்புத் திருத்தம் ஷெரிஃப்களையும் மாவட்ட வழக்கறிஞர்களையும் அட்டர்னி ஜெனரலின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. அதை முன்னின்று நிறைவேற்றச் செய்தவரும் அப்போது அலமீடா மாவட்ட வழக்கறிஞராக இருந்த இதே வாரன்தான். நாற்காலியைச் செய்துவைத்துவிட்டுப் பிறகு அதில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

நாசவேலை நடக்காததே சந்தேகத்துக்கு இடம் என்ற அந்த விபரீத வாதம் வாரனுடைய சொந்தச் சரக்கா? காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். பிப்ரவரி 14இல் மேற்குக் கடற்கரை ராணுவத் தளபதி ஜெனரல் டெவிட் போர்த்துறைக்கு அனுப்பிய பரிந்துரையில் அது இருக்கிறது. பிப்ரவரி 12இல் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் எழுதிய பத்தியில் இருக்கிறது. இன்னும் பின்னால் போனால், ஜனவரி 24இல் டெவிட் பேசிய தொலைபேசி உரையாடலின் எழுத்துப்படியில் இருக்கிறது. ராணுவத்தின் அதிகாரபூர்வ வரலாறே அதை எடுத்தாள்கிறது. வாரன் சாட்சிக் கூண்டுக்கு வருமுன்பே வாதம் பல கை மாறிவிட்டது. ஆனால் அதற்கு வரைபடம் என்ற ஆதாரத்தோற்றம் தந்தவர் அவர்தான். அந்த நிலங்களில் பல மலிவாகக் கிடைத்தவை, மற்றவர்கள் வேண்டாமென்று விட்டவை. அங்கே விவசாயிகள் குடியேறியதற்கு அந்தக் காரணமே போதும். வரைபடத்தில் அது தெரியாது.

என்னைத் திகைக்கவைத்தது இன்னொரு காகிதம். ஜப்பானிய வம்சாவளி ஊழியர்களை அரசுப் பணியிலிருந்து விலக்க மாநிலப் பணியாளர் வாரியம் முனைந்தபோது, குடிமக்களைப் பெற்றோரின் பிறந்த நாட்டை வைத்துப் பிரிப்பது சட்டவிரோதம் என்று அட்டர்னி ஜெனரல் கருத்துரை தந்தார். அதுவும் அதே பிப்ரவரியில், டோலன் குழு முன் போவதற்குச் சில நாட்களுக்கு முன்னால்! சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டவர்களுக்குச் சரியான பதில் சொல்ல அவரால் முடிந்திருக்கிறது. அவருக்குத் தெரியாமல் நடந்த தவறு என்று அவருடைய சாட்சியத்தைப் பற்றி நான் இனி எழுத மாட்டேன்.

ஏறக்குறைய 1,20,000 பேர் முகாம்களுக்குப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். 1943இல் ஆளுநரான பிறகும், அவர்களைத் திரும்ப விடக்கூடாதென்று வாரன் மாநில ஆளுநர்கள் மாநாட்டில் பேசினார். வெளியேற்றத்துக்காகவும் தன் சாட்சியத்துக்காகவும் வருந்துவதாக அவர் எழுதிய நினைவுக்குறிப்புகள் 1977இல் அச்சாகின. அவர் இறந்தது 1974இல்.