கதர்ச் சேலைக்காரி

வத்தலக்குண்டு என்றால் கதை படிக்கிறவர்கள் ராஜமய்யரையும் பி. எஸ். ராமையாவையும் சொல்வார்கள், தேசபக்தர்கள் சுப்பிரமணிய சிவாவைச் சொல்வார்கள். என் பாட்டிக்கு இந்த மூவரையும் தெரியாது. அவள் ஓயாமல் சொன்னது ஒரு கதர்ச் சேலைக்காரியைப் பற்றித்தான்.

அவள் யார் என்று விளங்கக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும்.

1944-ல் கஸ்தூரிபா சிறைக்காவலிலேயே காலமானார். அவர் நினைவாகத் திரண்ட நிதி ஒரு கோடி ரூபாயைத் தாண்டிற்று. அது கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே செலவாக வேண்டும், பொறுப்பும் பெண்களிடமே இருக்க வேண்டும் என்பது காந்தியின் விருப்பம். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் சௌந்தரம்; டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். இளவயதிலேயே கணவரைப் பிளேக்குக்குப் பறிகொடுத்து, அதன் பிறகு படித்து டாக்டரானவர். 1940-ல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-ல் இருவருமாகச் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள்.

ஒரு டாக்டர் எத்தனை ஊருக்குத்தான் போக முடியும்? ஆகவே கிராமசேவிகைகளைப் பயிற்றுவித்தார்கள். பெரிய பட்டம் எதுவும் பெறாத பெண்கள். குழந்தைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்லுவது, கர்ப்பிணிகளைக் கவனிப்பது, நோயாளியை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்ப்பது – இதெல்லாம் அவர்கள் வேலை. இப்போது இதற்குச் சமூகப் பணி என்று பெயர்.

1950-களில் பாட்டியின் வீட்டுக்கும் ஒரு சேவிகை வந்தாள். 'என்ன சாதியோ' என்று முதல் நாள் பாட்டி கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் முறை கேட்டே விட்டாள். வந்தவள் சிரித்துவிட்டுத் திண்ணையோடு போய்விட்டாள். மூன்றாம் முறை வந்தபோது பாட்டிக்கு வலி கண்டு இரண்டு நாளாகியிருந்தது. அவளே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், ராத்திரி முழுவதும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். விடிந்ததும் பிறந்தவர் என் அப்பா.

1959-ல் காந்திகிராமத்தார் பக்கத்து ஆத்தூர் வட்டாரத்தில் குடும்ப நலத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தார்கள். ஆயிரம் பேருக்கு 43 என்றிருந்த பிறப்பு விகிதம் 1968-ல் 28-க்கு இறங்கிற்று. அந்தக் கணக்கு புத்தகங்களில் இருக்கிறது. ஸ்தாபகர்களின் பெயரும் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆனால் திறக்காத கதவுகளைத் தேடித் திரும்பத் திரும்ப நடந்தவர்களின் பெயர்களை நான் எங்கே தேடுவது?

பாட்டியிடம் ஒரு நாள் கேட்டேன்: "அந்த அம்மா பேரென்ன, பாட்டி?"

பாட்டி வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "சாதியைத்தானப்பா கேட்டேன். பேரைக் கேக்கலையே."