தோபியா - சாரா இணைவேண்டல்: ஒரு மொழிபெயர்ப்பு வரலாறு

கணவனும் மனைவியும் ஒருங்கே இறைவனை வேண்டுதல் கிறித்தவ இல்லறத்தின் அடிப்படைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. எனினும் வேண்டலுக்கும் மணவாழ்வுக்கும் உள்ள உறவு திருச்சபை வரலாற்றில் எப்போதும் ஒரே வகையாக விளக்கப்பட்டதில்லை. புதிய ஏற்பாட்டிலேயே இருவேறு அழுத்தங்களைக் காண்கிறோம். பேதுருவின் முதல் திருமுகம் (3:7) மனைவியைக் கணவனோடு அருளுக்கு உடன் உரிமையுடையவளாகக் கூறி, அவளை மதியாதவனின் வேண்டல் தடைபடும் என எச்சரிக்கிறது. பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகமோ (7:5) வேண்டலை முன்னிட்டு இருவரும் மனமொத்துச் சிறிது காலம் பிரிந்திருக்கலாம் என்கிறது. முன்னதில் நல்ல இல்லறமே வேண்டலுக்கு வழி. பின்னதில் இல்லற இன்பத்திற்கு இடும் இடைவெளியே வேண்டலுக்கு வாய்ப்பு. பின்னைய இடத்தில் பழைய சுவடிகளில் வேண்டல் மட்டுமே உள்ளது. உண்ணாநோன்பைக் குறிக்கும் சொல் பிற்காலச் சுவடிகளில் சேர்ந்து, அவற்றைப் பின்பற்றிய மொழிபெயர்ப்புகளில் நிலைபெற்றது. தமிழில் 'உபவாசம்' என அது வழங்குவது பலரும் அறிந்ததே. ஒரு சொல் கூடியதால் துறவின் சாயலும் கூடிற்று.

இவ்விரு அழுத்தங்களும் ஒரே கதைப்பகுதியில் மோதிக்கொண்ட வரலாறு தோபித்து நூலின் மொழிபெயர்ப்பு வரலாறு ஆகும். அந்நூலின் எட்டாம் அதிகாரத்தில் வரும் மணநாள் இரவு வேண்டல், கிறித்தவத் தம்பதியரின் கூட்டு வேண்டலுக்கு முன்மாதிரியாகப் பல நூற்றாண்டுகள் கொள்ளப்பட்டது. சாராவை மணந்த எழுவரையும் அஸ்மொதேயு என்னும் பேய் முதலிரவிலேயே கொன்றுவிட்டது. எட்டாமவனாகத் தோபியா அவளை மணக்கிறான். கதவு சாத்தப்பட்டபின் அவன் படுக்கையினின்று எழுந்து, மனைவியையும் எழுப்பி வேண்ட அழைக்கிறான். வெளியே மாமனார் இரகுவேல் மருமகனுக்கு இரவோடிரவாகக் குழி வெட்டுவிக்கிறார். சாவுக்கும் மணவறைக்கும் இடையே நிகழும் வேண்டல் இது என்பதை மறத்தல் கூடாது.

நூலின் கிரேக்க வடிவங்களுள் இரண்டு முதன்மையானவை. வத்திக்கான், அலெக்சாந்திரியச் சுவடிகளில் காணப்படுவது குறுவடிவம். சைனாய்ச் சுவடியில் காணப்படுவது நெடுவடிவம். கும்ரான் குகைகளில் கிடைத்த நான்கு அரமேயச் சிதைவுகளும் ஓர் எபிரேயச் சிதைவும் பெரும்பாலும் நெடுவடிவத்தோடு ஒத்துச்செல்கின்றன. இவை 1995இல் முழுமையாகப் பதிப்பிக்கப்பட்டன.

இரு வடிவங்களுக்கும் உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் நம் பொருளுக்கு இன்றியமையாதது. நெடுவடிவத்தில் சாரா எழுந்ததும் 'அவர்கள் வேண்டத் தொடங்கினர்' என்னும் பொருளில் வினை பன்மையில் வருகிறது. முடிவில் 'ஆமென்' என்பதையும் இருவரும் சேர்ந்தே, இருமுறை, கூறுகின்றனர். குறுவடிவத்தில் வேண்டத் தொடங்குபவன் தோபியா மட்டுமே. அவனோடு 'ஆமென்' சொல்வதே சாராவின் பங்கு. வேண்டுவோர் ஒருவரா இருவரா என்பதை இங்கே வினைமுற்றின் விகுதியே தீர்மானிக்கிறது.

இதற்கு அடுத்த கட்டம் ஜெரோம். கி.பி. 400ஐ ஒட்டி இந்நூலை இலத்தீனில் பெயர்த்த அவர், தம் பணிமுறையை முன்னுரையில் மறைக்காமல் கூறுகிறார். அரமேயமும் எபிரேயமும் அறிந்த ஒருவர் மூலத்தை எபிரேயத்தில் சொல்லச்சொல்ல, அதனைத் தாம் இலத்தீனாக்கி எழுத்தரிடம் உரைத்து, ஒரே நாளில் பணியை முடித்ததாக அவரே குறிப்பிடுகிறார். இருவர் வாய்வழி கடந்துவந்த பெயர்ப்பு என்பதைக் கருத்திற்கொண்டாலும், கிரேக்க வடிவங்களிலிருந்து அது விலகும் இடங்கள் தற்செயலானவை எனக் கொள்வது கடினம். கிரேக்கத்தில் இல்லாத மூன்றிரவு நோன்பு இங்கே புகுகிறது: தம்பதியர் மூன்றிரவுகள் வேண்டலில் கழித்தபின்னரே இல்லறத்தில் கூடவேண்டும். கிரேக்கத்திலோ அவர்கள் வேண்டியபின் அவ்விரவே உறங்குகின்றனர். பழைய இலத்தீன் பெயர்ப்பிலும் மூன்றிரவு இல்லை. கும்ரான் சிதைவுகளில் எஞ்சிய பகுதிகளும் அதற்குச் சான்று தரவில்லை.

மேலும், காமத்தால் அன்றி 'உண்மையோடு' இவளை ஏற்கிறேன் என்பது கிரேக்கத் தோபியாவின் கூற்று. ஜெரோமின் தோபியாவோ மக்கட்பேற்றின் மீதுள்ள விருப்பம் ஒன்றினாலேயே ஏற்பதாகக் கூறுகிறான். மனிதன் தனித்திருப்பது நன்றன்று எனக் கிரேக்க வேண்டல் தொடக்கநூலை நினைவுகூரும் தொடரையும் இலத்தீனில் காணோம். ஆதாமுக்கு ஏவாள் துணையாகத் தரப்பட்டாள் என்பது மட்டுமே நிற்கிறது. தோழமை பின்தள்ளப்பட்டு மக்கட்பேறு முன்னுக்கு வருகிறது. 393இல் யோவினியனை மறுத்து ஜெரோம் எழுதிய நூலில், மேற்குறித்த பவுலின் கூற்றையே கொண்டு வேண்டலையும் உடலுறவையும் எதிரெதிராக நிறுத்தியதை அறிந்தோர்க்கு இம்மாற்றங்கள் வியப்பளிக்கமாட்டா.

ஆயினும் ஜெரோமை இல்லறத்தின் பகைவர் என்று மட்டும் கூறி முடிப்பது நேர்மையாகாது. இருவரும் எழுந்து வேண்டினர் என்னுமிடத்தில் 'ஒருங்கே', 'சேர்ந்து', 'இருவரும்' என்னும் பொருளுடைய மூன்று இலத்தீன் சொற்களை அவர் அடுக்குகிறார். அதனினும் முக்கியமானது வேறொன்று. இரக்கம் வேண்டுவதும் ஒருங்கே முதுமையடைய அருளுமாறு கேட்பதும் கிரேக்கத்தில் தோபியாவின் வேண்டலின் இறுதிப்பகுதி. இலத்தீனில் அது பிரிக்கப்பட்டுச் சாராவின் வாயில் வைக்கப்படுகிறது. குறுவடிவத்தில் 'ஆமென்' மட்டும் சொன்னவள் இங்கே தன் குரலில் வேண்டுகிறாள். மணவாழ்வின் எல்லையைச் சுருக்கிய அதே கை மனைவிக்குப் பேச்சுரிமை வழங்கியது. உரையாசிரியர்கள் முன்னதைப் பேசிய அளவுக்குப் பின்னதைப் பேசவில்லை.

மூன்றிரவு வழக்கம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. மணமக்கள் ஆசி பெற்ற அன்றிரவு மட்டும் விலகியிருத்தல் வேண்டும் என்னும் விதி, ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கால் நாட்டில் தொகுக்கப்பட்ட சட்டத்தொகுப்பில் முன்னரே இருந்தது. வுல்காத்தாவின் செல்வாக்கால் ஐரோப்பாவின் சில பகுதிகளில் ஓரிரவு மூன்றிரவாயிற்று. 'தோபியா இரவுகள்' என அதற்குப் பெயரும் ஏற்பட்டது. பிரான்சில் அமியான் ஆயர் இந்நோன்பினின்று விலக்களிக்கக் கட்டணம் பெற்றுவந்தமை வழக்காக வெடித்து, 1409இல் பாரிசு உயர்மன்றம் மணமக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வேண்டல் வரியான கதை இது.

சீர்திருத்தக் காலத்தில் நூலின் தகுதியே கேள்விக்குள்ளாயிற்று. லூத்தர் அதனைத் திருமுறைக்குப் புறம்பானவற்றுள் வைத்தார். ஆயினும் அவருடைய பெயர்ப்பு வுல்காத்தாவைப் பின்பற்றியதால் மூன்றிரவு செருமானியத்திலும் நுழைந்தது. துறவியரின் கற்பு வாக்குறுதியைக் கண்டித்துத் தாமே 1525இல் மணம் புரிந்தவரின் விவிலியத்தில் இது இடம்பெற்றது ஒரு முரண். 1611இன் ஆங்கிலப் பெயர்ப்பு கிரேக்கத்தைத் தழுவியதால் அதில் இஃது இல்லை. ஆங்கிலத் திருச்சபையின் பொது வேண்டல் நூலின் முதற்பதிப்பில் (1549) மணமக்களுக்கான வேண்டலில் தோபியா - சாரா இணை குறிக்கப்பட்டது. 1552இல் அவ்விணை நீக்கப்பட்டு ஆபிரகாம் - சாரா இணை வைக்கப்பட்டது. சாரா என்னும் பெயர் மாறாமல் ஆள் மாறினார். கத்தோலிக்கர் 1546இல் திரெந்துப் பொதுச்சங்கத்தில் நூலின் தகுதியையும் வுல்காத்தாவின் அதிகாரத்தையும் உறுதிசெய்தனர். 1979இல் வெளிவந்த புதிய வுல்காத்தா, தோபித்துக்குப் பழைய இலத்தீன் பாடத்தைத் தழுவியது. அத்துடன் மூன்றிரவு இலத்தீன் விவிலியத்தினின்று நீங்கிற்று. சாராவின் தனி வேண்டலும் உடன் நீங்கிற்று.

தமிழில் இந்நூல் 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பில் இணைத்திருமுறைப் பகுதியில் உள்ளது. இப்பகுதியைத் தமிழாக்க முற்படுவோர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் இரண்டைச் சுட்டலாம். கிரேக்கத்தில் தோபியா மனைவியைச் 'சகோதரி' எனப் பொருள்படும் சொல்லால் விளிக்கிறான். செமித்திய வழக்கில் அது காதல் விளி. இனிமைமிகு பாடலிலும் உண்டு. தமிழ் உறவுமுறையிலோ அச்சொல் நேராகப் பெயர்க்கப்படின் இருமடங்கு இடர் தருகிறது. நெடுவடிவத்தில் இரகுவேல், தோபியாவின் தந்தையைச் 'சகோதரன்' என்கிறார். அவ்வாறாயின் தமிழ்க் கணக்கில் அவர் தோபியாவுக்குச் சிற்றப்பன் அல்லது பெரியப்பன். அவர் மகள் மணத்திற்கு விலக்கப்பட்ட தங்கை முறையினள். பங்காளிக்குள் மணம் என்பதே நம் செவிக்கு ஒவ்வாது. 'அன்பே' என்பது போன்ற விளி இடரை நீக்கும். ஆனால் நம்பிக்கையால் உடன்பிறந்தவள் என்னும் ஆதித் திருச்சபையின் பொருள், மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தெர்த்துல்லியன் தம் மனைவிக்கு எழுதிய நூலில் ஒருங்கே வேண்டும் தம்பதியரை உடன்பிறப்புகள் என்று போற்றிய பொருள், அதனோடு மறையும். (அந்நூலின் நோக்கம் தமக்குப்பின் அவர் மறுமணம் செய்யலாகாது எனத் தூண்டுவது என்பது வேறு செய்தி.)

இரண்டாவது, தன்மைப் பன்மை. கிரேக்கமும் இலத்தீனும் அறியாத உளப்பாட்டு வேறுபாட்டைத் தமிழ் கட்டாயப்படுத்துகிறது. தோபியா மனைவியிடம் பேசும்போது 'நாம்'. அடுத்த நொடி இறைவனிடம் பேசும்போது 'நாங்கள்'. முன்னிலையில் இருந்தவள் தன்மைக்குள் வந்துவிடுகிறாள். ஆனால் கிரேக்க நெடுவடிவத்தின் வேண்டலில் தோபியா தனக்கும் 'இவளுக்கும்' எனப் பிரித்தே இரக்கம் கேட்கிறான். அவள் இன்னும் படர்க்கையில்தான் நிற்கிறாள். 'எங்கள்மேல்' எனப் பன்மையாக்கியது ஜெரோமின் இலத்தீன், அதுவும் சாராவின் குரலில். கிரேக்கத்தைப் பின்பற்றும் தமிழாக்கம் 'என்மீதும் இவள்மீதும்' என்றே நிற்கவேண்டும். 'எங்கள்மீது' என எழுதின் அது கிரேக்கம் ஆகாது, இலத்தீனின் எதிரொலியாகிவிடும்.