லயத்துப் பாத்திகளின் வரலாறு

‘தோட்டம்’ என்ற சொல்லுக்குத் தமிழகத்திலே ஒரு பொருள். இலங்கையின் மலைநாட்டிலே வேறொரு பொருள். தமிழகத்து உழவன் அச்சொல்லைக் கேட்டதும் கிணற்றடியை நினைப்பான். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கத்தரியையும் அவரையையும் முருங்கையையும் நினைப்பான். பதுளையிலே தோட்டம் என்றால் பல நூறு ஏக்கர் தேயிலை, துரை பங்களா, தொழிற்சாலை, பிரட்டுக் களம், லயம். அங்கே பிறந்து அங்கேயே மடிகிற மனிதனைத் ‘தோட்டக்காட்டான்’ என்று இழித்துரைக்கவும் நாட்டிலே ஆட்கள் இருந்தார்கள். தன் பெயரிலேயே தோட்டத்தைச் சுமக்கும் இம்மனிதனுக்குச் சொந்தமென்று சொல்ல ஒரு முழ நிலம் இருந்ததா என்பதே நாம் இங்கே எழுப்ப விரும்பும் வினா. மாநாட்டுத் தீர்மானங்களிலிருந்து இதற்கு விடை தேடுவது எளிது. ஆயினும், லயத்தின் பின்புறத்திலே ஒரு நாள் நின்று பார்த்து அங்கிருந்து தொடங்குவதே நேர்மையானது என்று நமக்குத் தோன்றுகிறது.

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பசறை வீதியை அடுத்த ஒரு தோட்டத்துக்கு நாம் போயிருந்தோம். ஊவாவில் பெருமழை ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்யும். பின்னர் சிறிது காலம் வெயில். பங்குனி, சித்திரையில் காலையெல்லாம் வானம் தெளிந்திருக்கும். பிற்பகலில் இடியோடு ஒரு மழை இறங்கும். அதை நம்பித்தான் லயத்தார் பாத்தி கட்டுகிறார்கள். ஆறு நாளும் கொழுந்துக் கூடையைத் தலையிலே மாட்டிய பெண்ணுக்கு மண்ணைத் தொட எஞ்சுவது ஞாயிறு ஒன்றுதான். அதிலும் பாதி நாள் துணி துவைக்கவும் விறகு சேர்க்கவும் போய்விடும்.

நாம் சென்றபோது காலை ஏழு மணியிருக்கும். கிழவி ஒருத்தியும் அவள் மகளும் பேரனும் வேலையில் இறங்கியிருந்தார்கள். மார்கழி மழையில் அழுகிப்போன கோவாத் தண்டுகளையும் காய்ந்த போஞ்சிக் கொடிகளையும் பிடுங்கி ஒரு மூலையில் குவித்தாயிற்று. லயத்துக் கானிலே அடைந்திருந்த மண்ணைப் பேரன் வாரி மேலே போட்டான். அது மேட்டிலிருந்த தேயிலை மலையிலிருந்து அடித்து வந்த நல்ல மேல்மண். கம்பனிக்குச் சொந்தமான மண் கானின் வழியாக இறங்கி வந்து கிழவியின் பாத்தியிலே சேர்வதைச் சட்டம் எப்படிப் பார்க்குமோ, நாம் அறியோம். சரிவு நிலமாதலால் பாத்தியின் கீழ்விளிம்பில் கற்களை அடுக்கி அணை கட்டியிருந்தார்கள். அவ்வணையைக் கிழவியின் மாமனார் கட்டினாராம். முள்ளால் மண்ணைக் கிளறி, மாட்டெருவும் அடுப்புச் சாம்பலும் கலந்து, போஞ்சி விதையை இரண்டிரண்டாக ஊன்றினாள் மகள். கவ்வாத்து மலையிலிருந்து கொண்டுவந்த தேயிலை மிலாறுதான் வேலிக்கும் கொடி படரவும் உதவியது. தக்காளி, மிளகாய், நோக்கோல் நாற்றுகள் தனித்தனியே நின்றன. ஓரத்திலே நாலு மரவள்ளிக் குச்சி. வாசல் பக்கம் கறிவேப்பிலையும் செவ்வந்தியும். பகல் ஒரு மணிக்குள் அத்தனையும் முடிந்துவிட்டது.

அவ்வளவு நல்ல மண்ணிலே ஒரு பலாக் கன்றையேனும் காணவில்லையே என்று கேட்டோம். கிழவி சிரித்தாள்.

“பலா காய்க்கிற வரைக்கும் நாங்க இந்தக் காம்பராவுல இருப்போமுன்னு யாருங்கய்யா எழுதிக் குடுத்தா?” என்றாள்.

இதைவிடச் சுருக்கமாகப் பெருந்தோட்ட நிலவுரிமையைப் பற்றிச் சொன்ன நூல் எதையும் நாம் படித்ததில்லை. போஞ்சிக்கு இரண்டு மாதம் போதும். பலாவுக்கு ஆண்டுகள் வேண்டும், தென்னைக்கும் அப்படியே. ஒரு மனிதன் எதை நடுகிறான் என்பதிலிருந்து, அந்நிலத்திலே தான் எவ்வளவு காலம் இருக்கப் போவதாக அவன் நம்புகிறான் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். பதுளை மாவட்டத்துச் சிங்களக் கிராமமொன்றுக்குப் போனால் வீட்டைச் சுற்றிப் பலா, தென்னை, கமுகு, கமுகிலே படர்ந்த மிளகு, அதன் நிழலிலே கோப்பி. அரை மைல் தள்ளி லயத்துக்கு வந்தால் கோவா, போஞ்சி, தக்காளி. மண் ஒன்று, மழையும் ஒன்று. வேறுபாட்டை உண்டாக்கியது வரலாறு.

அந்தக் கிராமத்துத் தோப்பும் இடையூறின்றி வளர்ந்ததன்று. 1817இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் மூண்ட கிளர்ச்சியை ஒடுக்கிய பிரித்தானியப் படை, 1818இல் ஊர் ஊராக வீடுகளைக் கொளுத்தியது, மாடுகளை அழித்தது, காய்க்கும் மரங்களை வெட்டிச் சாய்த்தது. பலா மரத்தை வெட்டுவது குடியானவனின் பஞ்சகாலச் சோற்றை வெட்டுவதாகும். படைத் தலைவர்கள் அதை நன்கு அறிந்தே செய்தார்கள். மறு ஆண்டு அவ்வழியே பயணஞ் செய்த இராணுவ மருத்துவர் ஜோன் டேவி, பாழடைந்த வீடுகளையும் வெட்டுண்ட மரங்களையும் தம் நூலிலே பதிவு செய்திருக்கிறார். ஆக, ஊவாவிலே அந்நிய ஆட்சி முதன்முதலாகக் கை வைத்தது ஏழையின் வீட்டுத் தோட்டத்தின் மீதுதான்.

கோப்பியின் கதையும் வீட்டுத் தோட்டத்திலேயே தொடங்குகிறது. வெள்ளைத் துரைமார் மலையேறுவதற்கு முன்பே கண்டிச் சீமைக் குடியானவர்கள் தம் வளவுகளிலே கோப்பிச் செடி வளர்த்தார்கள். பெருந்தோட்டங்கள் பெருகிய பின்னரும் நாட்டின் ஏற்றுமதிக் கோப்பியில் கணிசமான பங்கு குடியானவனின் கொல்லையிலிருந்தே வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் உறுதி காட்ட முடியாத காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் முடிக்குரியதாக்கி விற்பனைக்கு விட்டது. வாங்கியவர்களுக்கு உழைக்க ஆள் வேண்டியிருந்தது. தமிழகத்து வறண்ட சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். நிலத்தை இழந்த சிங்களக் குடியானவனும், நிலமே இல்லாது வந்த தமிழ்க் கூலியும் ஒரே சட்டத்தின் இரு பக்கத்திலும் நசுங்கியவர்கள். பிற்காலத்திலே இவ்விருவரையும் ஒருவருக்கொருவர் பகைவராகக் காட்டியவர்கள் இந்த உண்மையை மறைக்க மிகவும் பாடுபட்டிருக்கிறார்கள்.

1869இல் பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமையிலே கோப்பி இலையில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. ஹெமிலியா என்ற அப்பூஞ்சணத்துக்கு இங்கிலாந்திலே பெயர் சூட்டி அறிவித்த பத்திரிகை எது தெரியுமா? பூச்செடி வளர்ப்போர் விரும்பிப் படித்த ‘கார்டனர்ஸ் குரோனிக்கிள்’ என்னும் தோட்டக்கலை வார இதழ்! இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்தது. மலையெங்கும் தேயிலை ஏறியது. தோமஸ் லிப்டனின் தம்பேதென்னைத் தொழிற்சாலை 1890இல் எழுந்தது. கோப்பிக் காலத்திலே தொழிலாளி அறுவடை முடிந்து ஊர் திரும்பலாம். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கை வேண்டும். எனவே லயம் நிலைத்த குடியிருப்பாயிற்று. முதுகோடு முதுகு ஒட்டிய வரிசைகளில் 10 அடிக்கு 12 அடி என்ற அளவிலே காம்பராக்கள். அதற்குள் ஒரு குடும்பம். பல சமயங்களில் இரண்டு.

அதே தோட்டத்தின் மேட்டிலே வேறொரு தோட்டக்கலை தழைத்தது. அப்புத்தளையிலே சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷம் மாளிகையை இன்றும் மக்கள் திரளாகச் சென்று பார்க்கிறார்கள். பின்னர் அது துறவியர் மடமாயிற்று. ரோஜாவும் புல்வெளியும் கொண்ட அத்தகைய பங்களாக்கள் மலைநாடெங்கும் உண்டு. அங்கே மண்வெட்டி பிடித்தவன் லயத்திலிருந்து போனவன். கரட், லீக்ஸ், பீட்ரூட், கோவா ஆகிய சீமைக் காய்கறிகள் பங்களாவின் கொல்லையிலிருந்து அவன் மடியிலே முடிந்த விதையாகத்தான் லயத்துக்கு இறங்கியிருக்க வேண்டும் என்பது நமது ஊகம். வித்தையைக் கொண்டுவர அவனால் முடிந்தது. நிலத்தைக் கொண்டுவர முடியவில்லை.

லயத்துப் பின்புறத்தைக் கொத்திக்கொள்ளத் துரைமார் ஏன் இசைந்தார்கள்? கருணையினால் என்று அவர்களுடைய நினைவுக் குறிப்புகள் சொல்லக்கூடும். கணக்கு வேறு. தொழிலாளி தன் ஞாயிற்றுக்கிழமை உழைப்பாலே கறிக்கு வழி தேடிக்கொண்டால், அந்த அளவுக்குக் கூலியைத் தாழ்த்தி வைக்கலாம். அத்துடன், பாத்தியிலே பயிர் நிற்கும்போது வேலைநிறுத்தத்துக்குத் துணிவது கடினம். வேலை போனால் காம்பரா போகும். காம்பரா போனால் பயிரும் போகும். இந்தக் காரணத்தைக் காட்டி, வீட்டுத் தோட்டம் வர்க்க உணர்வை மழுக்கும் சூழ்ச்சி என்று வாதிடும் நண்பர்கள் நமக்கு உண்டு. பாதி உண்மைதான். ஆனால் அச்சத்தால் கட்டுண்ட மக்களே 1940 மே மாதத்திலே பதுளை மாவட்டத்து வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தஞ் செய்து, தாம் தேர்ந்தெடுத்த தொழிலாளர் சபையைக் கலந்தே நிருவாகம் நடக்க வேண்டும் என்று துரையை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அவர்களை அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களைக்கூடப் பறித்தார்கள். பாத்தி அவர்களைத் தடுக்கவில்லை.

நிலம் பங்கிடப்பட்ட ஒவ்வொரு வேளையிலும் லயத்தார் வெளியிலே நிறுத்தப்பட்டார்கள். 1935இன் காணி அபிவிருத்திச் சட்டம் நிலமற்ற குடியானவனுக்கு முடிக்குரிய காணியைக் கொடுத்தது; இந்திய வம்சாவளியினருக்கு அதிலே இடம் வைக்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பத்தாண்டு கழித்து வேறொரு ஒப்பந்தத்தில் பாதிப் பாதியாகத் தீர்க்கப்பட்டது. அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பிரசாவுரிமை என்ற நிலையிலே, எந்த ஞாயிற்றுக்கிழமை யார் எதை நடுவது? இவ்வாண்டுகளிலே கப்பலுக்கு நாள் எண்ணியிருந்தவர்களின் பாத்திகளைப் பக்கத்துக் காம்பராக்காரர் ஏற்றுக்கொண்டார்கள் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

பிறகு வந்தது 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சம். பங்கீட்டு அரிசி குறைந்தது, மாவும் அரிதாயிற்று. கிராமத்தானுக்கு ஈரப்பலா இருந்தது. மரவள்ளி நடக் காணி இருந்தது. லயத்தானுக்கு இருந்ததெல்லாம் பின்புறத்து நாலு பாத்தி. தோட்டப்புறங்களிலே மரண விகிதம் கடுமையாக உயர்ந்தது. பிச்சையெடுக்க நகரத்துக்கு இறங்கியவர்கள் வீதியோரங்களில் மாண்டார்கள். அதே காலத்திலேதான் 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தமும், 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய திருத்தமும் நிகழ்ந்தன. ஏகாதிபத்தியத்தின் பிடியிலிருந்து நிலத்தை மீட்ட செயல் என்று நாம் அதை வரவேற்றோம், வரவேற்றது தவறன்று. ஆனால் அந்நிலத்தைக் காடு வெட்டித் திருத்தியவரின் பேரப்பிள்ளைகளுக்கு அதிலே ஒரு துண்டும் கிடைக்காததை நம்மிற் பலர் உரத்துச் சொல்லவில்லை. தோட்ட நிலம் 7,000 ஏக்கரைப் பிரித்தெடுக்கும் முயற்சியை எதிர்த்து 1977 மே மாதம் நுவரெலியா மாவட்டத்து டெவன் தோட்டத்தில் திரண்டவர்கள் மீது பொலிசார் சுட்டபோது சிவனு லெட்சுமணன் என்ற இளைஞன் உயிர் கொடுத்தான்.

1992இல் தோட்ட நிருவாகம் மறுபடியும் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. 2003இல் எஞ்சியிருந்த நாடற்றவருக்கும் குடியுரிமை கிடைத்தது. குடியுரிமை வந்தும் காணியுரிமை வரவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையிலே கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களையும் அவற்றின் பாத்திகளையும் மூடியது. அது அபாய நிலம் என்று ஆய்வாளர் முன்னரே எச்சரித்திருந்தார்கள். எழுந்து போக அம்மக்களுக்கு வேறு நிலம் எது இருந்தது? அதற்குப் பிந்திய ஆண்டுகளில்தான் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியும் தனி வீடும் என்ற திட்டம் ஓரளவு வேகம் பெற்றது. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீட்டுக்கு 550 சதுர அடி போக, பாதை, மலகூடம், தண்ணீர்த் தொட்டி, மண் சரியாதிருக்க ஓர் அணை. மீந்ததிலே ஒரு பலாவை நடலாம். அதன் கீழே போஞ்சி வராது. இரண்டையும் வைக்கக் கூடிய நிலத்தைக் கேட்பது பேராசை என்று சொல்பவர்கள், எதிர்மேட்டிலே எத்தனை ஏக்கர் தேயிலை பராமரிப்பின்றிக் காடாகிக் கிடக்கிறது என்பதை ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும்.

நாம் பார்த்த கிழவியின் லயத்துக்கு அந்தப் பட்டியல் இன்னும் எட்டவில்லை. இரண்டு மணிக்கு நமுனுகுல மலைப்பக்கம் இருண்டது. பேரன் கானின் வாயைத் திறந்துவிட்டு ஓடி வந்தான். நாற்றுகளின் மேல் கவிழ்த்த இலைகளை மகள் கல் வைத்து அழுத்தினாள். அன்று ஊன்றிய போஞ்சி வைகாசியிலே காய்க்கும். ஆனி பிறந்தால் கச்சான் காற்று. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே விலை தேடித் தரும் மணம் அக்காற்றினால் வருகிறது, அதே காற்றிலே லயத்துக் கொடிகள் கருகுகின்றன. அதற்கு முன்பே பறித்துவிட வேண்டும் என்று சொல்லிக் கிழவி விதைப் போத்தலை மூடி அடுப்புக்கு மேலே வைத்தாள்.